அழகாக உருட்டிய சீடை

ஆவணி பிறந்து ஒன்பது நாளாகியும் இலஞ்சியில் சாரல் விடவில்லை. காலையில் தெரிந்த மலை மத்தியானம் தெரியாது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகக் கையில் ஒட்டியது. இப்படிப்பட்ட வாரத்தில் சீடை போடக் கூடாது என்று, ஊரார் மொழி என்று கூப்பிடும் குழல்வாய்மொழிக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் மகள் கனகாவுக்கு வளைகாப்பு. பலகாரம் ஏழு வகை போக வேண்டும், அதில் ஒன்று சீடை. சாரலுக்காக வளைகாப்பைத் தள்ளி வைக்கவா முடியும்?

சீடைக்கு ஆவுடையம்மாளைத்தான் கூப்பிட வேண்டும். அடுத்த தெருக்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவள். கல்யாணமோ சடங்கோ வளைகாப்போ, இலஞ்சியில் நாலு தெருவுக்கு அவள்தான் பலகாரம். கிருஷ்ணன் கோயில் உறியடிக்கு வருஷாவருஷம் சீடை போடுவதும் அவள்தான். கோயிலின் பெரிய இருப்புச்சட்டிகூட அவள் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

திங்கட்கிழமையே வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, உள்அறைக் கட்டிலில் வேட்டியை விரித்துப் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டாள். அன்று ராத்திரி மொழியும் அவள் புருஷன் திருமலையும் தரையில் படுத்துக்கொண்டார்கள்.

"அரிசிக்கு இருக்க மரியாத எனக்கு இல்ல" என்றார் திருமலை.

மறுநாள் மாவு திரித்து வந்ததும் ஆவுடை அதை வாணலியில் போட்டு வறுத்தாள். நடுநடுவே ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோலம் இழுத்துப் பார்த்தாள். இழை அறாமல் வந்த பிறகுதான் இறக்கினாள். உளுந்தைச் சிவக்க வறுத்து, திரித்து, இரண்டு மாவையும் மெல்லிய துணியில் மூன்று தரம் சலித்தாள். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினாள். எள்ளைக் கல் பார்த்தாள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வெறும் சட்டியில் ஈரம் போகப் புரட்டினாள். எல்லாவற்றையும் மொழி கூடவே நின்று பார்த்தாள். பிற்பாடு அவள் மனசுக்குள் இந்த வேலைகளை வரிசையாக எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தாள். ஒரு இடத்திலாவது ஆவுடை தவறியிருக்க மாட்டாளா என்று தேடினாள். ஒரு இடமும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை, புறவாசலில் ஓலை வேய்ந்த சாய்ப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்து உருட்டினார்கள். ஆவுடை பேசிக்கொண்டே கிள்ளுவாள், உள்ளங்கையில் ஒரு புரட்டு, அவ்வளவுதான். உருண்டை எதிரே இருந்த சொளவு முறத்தில் விழும். ஒன்று கோணல், ஒன்று சப்பை, ஒன்றில் விரல் தடம்.

"என்ன மொழி, மாப்பிள்ள பாக்குத மாதிரி ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாக்குத?"

"கோணல்மாணலா இருக்கேக்கா."

"அப்பிடித்தான் இருக்கணும். சீடைய அலட்சியமா உருட்டணும் கேட்டியா? பிடிக்காத சொந்தக்காரனுக்குச் சோறு போடுவம்லா, அந்த மாதிரி. வழவழன்னு உருட்டிட்டா உள்ள இருக்க ஆவி எங்கன போவும்? சட்டிய விட்டு எந்திரிச்சு நம்ம மூஞ்சிக்குத்தான் வரும்."

மொழி சிரித்தாள். ஆனால் சம்பந்தியம்மா போன தீபாவளிக்குச் சொன்னது அவளுக்குள் கிடந்தது. கொண்டுபோன அதிரசத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்க பக்கம் அதிரசத்தக் கண்ணக் கட்டிக்கிட்டுத் தட்டுவீகளோ" என்று கேட்டிருந்தாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கனகா மட்டும் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினொரு மணிவாக்கில் ஆவுடை எழுந்தாள். அவள் புருஷனுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை.

"அவியளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்திட்டு ஓடியாரேன். சொளவுல துணியப் போட்டு மூடி வையி. உருண்டை இப்பிடியே செத்த நேரம் உலரட்டும். தொட்டுராத."

அவள் தலை மறைந்ததும் மொழி துணியை விலக்கினாள். ஒன்றை மட்டும் சரி செய்யலாம் என்றுதான் எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு நெய்யைத் தடவி உருட்டினாள். கோலிக்குண்டு போல வந்தது. அதைப் பக்கத்தில் வைத்ததும் மற்றவை இன்னும் அசிங்கமாகத் தெரிந்தன. அரை மணி நேரத்தில் இரண்டு சொளவையும் முடித்துவிட்டாள். வரிசைக்கு இருபது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. துணியைப் போட்டு மூடினாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாளா? நினைத்தாள் என்றுதான் பிற்பாடு அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது அன்றைக்கே நினைத்ததா, பிறகு தன்னைத் தேற்றிக்கொள்ளச் சேர்த்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆவுடை திரும்பியபோது சாரல் வலுத்து, சாய்ப்பு இருட்டிக் கிடந்தது. விறகு புகைந்தது. அவள் அடுப்பைப் பார்த்தாளே தவிர சொளவைப் பார்க்கவில்லை. எண்ணெய் காய்ந்ததும் துணியை உருவி, சொளவைச் சாய்த்து ஓரமாக ஒரு ஈடு சரித்தாள். கரண்டியால் ஒரு தடவை கிளறினாள்.

"மாப்பிள்ள வீட்டுல சீடையக் கடிக்கப் பல்லு இருக்கா அந்தம்மாவுக்கு?" என்றாள்.

மொழி பதில் சொல்ல வாயெடுத்தபோது முதல் சத்தம் கேட்டது. ஓட்டில் கல் விழுந்த மாதிரி. அடுத்தது உடனே. பிறகு எண்ண முடியவில்லை. எண்ணெய் ஒரு முழ உயரத்துக்கு எழும்பியது. உருண்டைகள் சுவரில் போய் அடித்தன. ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொண்டே குனிந்து, எரிகிற விறகை இழுத்து வெளியே போட்டாள். அப்படிக் குனிந்ததில்தான் எண்ணெய் அவள் கழுத்திலும் இடது தோளிலும் விழுந்தது. விறகை இழுக்காமல் ஓடியிருந்தால் அவள் மேல் பட்டிருக்காது. சாய்ப்புதான் பற்றியிருக்கும்.

மொழி அவள் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பகவதி மைனி ஓடி வந்தாள். கோயில் சீடைக்குத் தெருவில் அரிசி தண்டுவது முதல் ஆள் ஏற்பாடு செய்வது வரை அவள் பொறுப்பு.

"என்னளா, வெடி போட்ட மாதிரி? மாவு ஈரமாக்கும்?"

ஆவுடை கழுத்தைப் பிடித்தபடி மொழியைப் பார்த்தாள். பகவதி மைனியும் மொழியைத்தான் பார்த்தாள்.

"சாரல்லா மைனி" என்றாள் மொழி. "மாவு சரியாக் காயல போலுக்கு."

"மூணு தரம் சலிச்சேனே" என்றாள் ஆவுடை மெதுவாக. "கோலம் இழுத்துப் பாத்தேனே."

ஈரச் சேலையோடு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு மொழி செய்ததுதான் அவளுக்கே சகிக்கவில்லை. மீதி இருந்த ஒன்றரைச் சொளவு உருண்டையையும் அள்ளிப் பிசைந்து ஒன்றாக்கினாள். இலையில் தட்டி, முள்கரண்டியால் குத்தி, தட்டையாகச் சுட்டெடுத்தாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதே மாவு. ஞாயிற்றுக்கிழமை சீடைக்குப் பதில் அந்தத் தட்டைதான் சங்கரன்கோவிலுக்குப் போனது. சம்பந்தியம்மா ஒன்றை ஒடித்து வாயில் போட்டு, "இது நல்லா இருக்கே, மொறுமொறுன்னு" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மொழி அந்தத் தட்டையில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

திங்கட்கிழமை குழாயடியில் பகவதி மைனி குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி. இந்தத் தரம் சீடைக்குத் தென்காசிக் கடையில சொல்லிரலாம்னு இருக்கேன். ஆவுடை கைய நம்ப முடியாது."

"ஒரு நாள் தப்பினதுக்கா மைனி?"

"கோயில் மடப்பள்ளில வெடிச்சா யாரு பதில் சொல்லுதது? பிள்ளைக ஓடிட்டுத் திரியும். நீயேதான பாத்த, மாவு காயலன்னு சொன்னியே. வயசாயிட்டு அவளுக்கு. மேலத்தெரு சடங்கு வீட்டுலயும் வேற ஆளப் பாக்காவளாம்."

நீயேதான பாத்த. அந்தச் சொல்லோடு மொழி வீட்டுக்கு வந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திருமலை ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எதையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"உருண்டைய நல்லா உருட்டினது ஒரு குத்தமா? சவத்த விடுளா."

"அக்கா தொடாதன்னு சொல்லிட்டுப் போனா."

"சரி, தொட்ட. இப்ப போய் நான்தான் தொட்டேன், பொறவு பொய்யும் சொன்னேன்னு தெருவுல நிப்பியா? நாளைக்கே சங்கரன்கோவிலுக்குப் போயிரும். கனகா அந்த வீட்டுல இருக்கா, ஞாபகம் வச்சுக்கோ."

"அதுக்காவ அவ பிழைப்பு போகணுமா?"

திருமலை மோரை ஊற்றிப் பிசைந்தார். வெகு நேரம் பிசைந்தார்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மொழி ஒரு சீப்புப் பழத்தை வாங்கிக்கொண்டு ஆவுடை வீட்டுக்குப் போனாள். ஆவுடை வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது, காதுக்குக் கீழே தோல் கறுத்து உரிந்திருந்தது. மாவைத் துணியில் போட்டுத் தட்டுவாள். அடியில் விழுந்ததை மறுபடி துணியில் போட்டுத் தட்டுவாள். துணியில் எதுவும் தங்கவில்லை. அப்படியும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வா மொழி. வளைகாப்பு நல்லா நடந்துதா?"

"நடந்துதுக்கா. எரிச்சல் எப்பிடி இருக்கு? களிம்பு போடுதியா?"

"அது கிடக்கு. இது கோயில் மாவு. முன்னமே இடிச்சு வச்சுட்டேன். பகவதி வேண்டாம்னுட்டா. குறையோட திருப்பிக் குடுக்கப்பிடாதுன்னு இன்னொரு தரம் பாக்கேன்." துணியை உதறினாள். "எனக்கு விளங்கவே இல்ல மொழி. இருவது வருசத்துல ரெண்டு தரம் வெடிச்சிருக்கு. ரெண்டு தரமும் காரணம் தெரியும். இது மட்டும் தெரியல. கண்ணுதான் மங்கிட்டு போலுக்கு. ஒரு கட்டி தப்பியிருக்கும். தப்புனது தெரியாம இருக்குது பாரு, அதுதான் பயமா இருக்கு."

மொழியின் மடியில் பழச்சீப்பு கனத்தது. இப்போது சொல்லிவிடலாம். மூன்று சொல் போதும். நான்தான் மறுபடி உருட்டினேன்.

"பழம் வச்சிருக்கேன்" என்றாள். "கனிஞ்சு போவும், இன்னைக்கே சாப்பிட்டுரு அக்கா."

வழியெல்லாம் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள்.

வியாழக்கிழமை காலை, தண்ணீர் எடுக்கப் போனவள் பகவதி மைனி வீட்டு வாசலில் ஆவுடையைப் பார்த்தாள். தலையில் கோயில் இருப்புச்சட்டி, இடுப்பில் மாவுத் தூக்கு. சட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். கரி ஒரு துளி இல்லாமல் தேய்த்திருந்தாள். மொழி குடத்தை அங்கேயே சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மைனி, அன்னைக்கு மாவு ஈரமில்ல."

பகவதி மைனி நிமிர்ந்தாள்.

"அக்கா உருட்டி வச்சிட்டுப் போனத நான் எடுத்து மறுபடியும் உருட்டினேன். அழகா இருக்கட்டும்னு. அதான் வெடிச்சுது."

பகவதி மைனி சிரித்தாள்.

"நல்ல மனசுளா உனக்கு. பாவம்னு நீ தலையக் குடுக்க. அழகா உருட்டினதுக்கு ஆராவது மன்னிப்புக் கேப்பாவளா? கேட்டியா ஆவுடை, உனக்காவ எப்பிடிப் பேசுதா பாரு."

மொழி இதை எதிர்பார்க்கவில்லை. வசவுக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். ஆவுடையின் பக்கம் திரும்பினாள். ஆவுடை சிரிக்கவில்லை. சட்டியின் விளிம்பில் கை வைத்தபடி மொழியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பலன்னா போட்டுப் பாருங்க மைனி" என்றாள் மொழி. "அந்தத் தூக்குல இருக்கது அக்கா சலிச்ச மாவு. பத்து அக்கா உருட்டட்டும். பத்து நான் உருட்டுதேன். ஒரே மாவு, ஒரே எண்ணெய்."

"காலங்காத்தால இது என்ன விளையாட்டு?"

"அடுப்பப் பத்த வையி பகவதி" என்றாள் ஆவுடை.

புறவாசலில் அடுப்பு மூட்டினார்கள். ஆவுடை இரண்டு கை மாவு எடுத்துப் பிசைந்தாள், பாதியை மொழியிடம் தள்ளினாள். ஆவுடையின் பத்தும் நொடியில் முடிந்தன. மொழி உள்ளங்கையில் நெய் தொட்டு ஒவ்வொன்றாக உருட்டினாள். புதன்கிழமை எப்படி உருட்டினாளோ அப்படியே. இப்போது அந்த வழவழப்பைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

முதலில் ஆவுடையின் பத்து. எண்ணெயில் விழுந்து, நுரைத்து, மிதந்து, சிவந்து, சத்தம் அடங்கின. பகவதி மைனி ஒன்றை ஊதிக் கடித்தாள். கடைவாயில் நொறுங்கியது நன்றாகக் கேட்டது.

"மாவு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்தது மொழியின் பத்து. "தள்ளி நில்லுங்க" என்று மற்ற இருவரையும் தூணுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, கரண்டியால் தானே இறக்கினாள். பெரிய மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். உருண்டைகள் அடியில் கிடந்தன. மேலே வந்தன. லேசாக நிறம் மாறின. ஒன்றும் நடக்கவில்லை. வெடிக்க வேண்டும் என்று சட்டிக்கு முன்னால் நின்று வேண்டிக்கொள்கிறவள் இந்த ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று மொழிக்குத் தோன்றியது. வெடிக்காவிட்டால்? அப்படியென்றால் இத்தனை நாள் அரித்ததும் வீண்தானா? ஒரு கணம் அவளுக்கு மனசு லேசானது. அப்படி லேசானதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"போளா, உனக்குப் பொய் சொல்லவும் வரல" என்றாள் பகவதி மைனி தூணுக்குப் பின்னாலிருந்து.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒன்று வெடித்தது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல. மூடி கையில் குதித்தது. பகவதி மைனி கூடத்துக்குள் ஓடினாள். ஆவுடை வந்து விறகை இழுத்துப் போட்டாள், போன வாரம் இழுத்த அதே விதமாக. மொழியின் மணிக்கட்டில் எண்ணெய் ஒரு சொட்டு பட்டிருந்தது. காந்தியது. ஆனால் அது பயறு அளவுகூட இல்லை. அது போதாது என்று அவளுக்குத் தெரிந்தது.

பகவதி மைனி வாசல்நிலையில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அப்ப அன்னைக்கு மாவு காயலன்னு எங்கிட்ட சொன்னது?"

"பொய் மைனி."

"நான் அத நாலு தெருவுல சொல்லிட்டேனே."

எண்ணெய் சிறுசத்தமாக அடங்கிக்கொண்டிருந்தது. பகவதி மைனி தூக்குப் பாத்திரத்தை எடுத்து ஆவுடை பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கடைக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். மேலத்தெருவுக்கும் நானே போய்ச் சொல்லுதேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஆவுடை சிதறிக்கிடந்த சீடைத் துண்டுகளைப் பொறுக்கினாள். மொழியும் குனிந்து பொறுக்கினாள்.

"நேத்து தென்காசிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள் ஆவுடை. "காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் வரிசை. மருந்த ஊத்தி, ரெண்டு மணி நேரம் கண்ண மூடி உக்கார வச்சான். கடைசீல கண்ணு நல்லா இருக்கு, போங்கன்னான். நல்லா இருந்தா ஏன் தெரியலன்னு பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன்."

"அக்கா..."

"ஊருக்கெல்லாம் நீ சொல்லாண்டாம் மொழி. பகவதிக்குக்கூடச் சொல்லாண்டாம். எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. பழம் கொண்டாந்தியே, அன்னைக்கு."

மொழி தலையை ஆட்டினாள்.

ஆவுடை கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு பலகையில் உட்கார்ந்தாள். தூக்கில் இருந்த மாவை மொத்தமாகத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். வெண்ணெயைப் போட்டாள், எள்ளைப் போட்டாள், உப்புத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினாள். பிசைந்து முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. பிறகு பாதி மாவைப் பிய்த்து எதிரே வைத்தாள்.

"நாளைக்கு ரெண்டு மரக்கா போடணும். ஒருத்தி கையால ஆவாது. உக்காரு."

மொழி உட்கார்ந்தாள்.

"பாக்காம உருட்டு."

மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு உருட்டினாள். வெளியே மலை பாதி தெரிந்தது, சாரல் சரிந்து இறங்கியது. கிள்ளி, ஒரு புரட்டு, சொளவில் போட்டாள். கிள்ளி, ஒரு புரட்டு. அவள் பார்க்கவில்லை. ஆனால் உருண்டை உள்ளங்கையில் வழவழவென்று திரள்வதை உணர முடிந்தது. கை சொன்னதைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் விழும்போது பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆவுடை தன் உருண்டையை உருட்டிக்கொண்டே, மொழி போட்டதை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றையும் விடவில்லை.